நூறு மைல் ஓடாத டயர்

தாணு,

கல்யாணப் பத்திரிகையும் அதோடு நீ வைத்திருந்த கடிதமும் வந்து சேர்ந்தன. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. அதனால் நானும் அந்த உபசாரத்தை விட்டுவிட்டு நேராகப் பேசுகிறேன். பத்திரிகை அழகாக அச்சாகியிருக்கிறது. பெண்ணைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறாய்: நீ வேலை பார்க்கும் மோட்டார் பட்டறை முதலாளியின் மகள், படித்தவள், சாந்த குணம். மிச்சம் ஒன்றரைப் பக்கமும் டயர். மதராஸுக்கு வெளியே பட்டாளத்தார் விட்டுப்போன விமானத்தளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் வைக்கிறார்கள், நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேராக ஓடி முடிவுக் கோட்டைத் தாண்டுகிற பந்தயம், கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ அதில் ஓடுகிறாய், அங்கே நல்ல சரக்கு கிடைக்கவில்லை, கடையிலிருந்து முன் சக்கரத்துக்கு ஒன்றும் பின் சக்கரத்துக்கு ஒன்றும் ரயில் பார்சலில் அனுப்பி வை என்கிறாய். இதைப் படித்த அன்று நான் சாயங்காலம் வரை வாடிக்கைக்காரர் பக்கமே போகவில்லை. போயிருந்தால் யாரையாவது அடித்திருப்பேன்.

நாலு வருஷம் கழித்து எழுதுகிறாய். எழுதிய தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். கோபாலன் என்கிற பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அவன் இருக்கிறானா, நடக்கிறானா, அவன் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான், ஒன்றும் இல்லை. டயரின் அளவு மட்டும் தப்பில்லாமல் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் நீ கோபாலனைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் இப்படி ஒரு கடிதம் எழுத உனக்குக் கை வந்திருக்காது. அதனால் இதை நான் உன் பெயருக்கு எழுதினாலும், தாலி கட்டுவதற்கு முன் அவளும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையெல்லாம் தெரியாதவளுக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன் என்றால் அதுதான் காரணம். நீ இதை மறைத்தாயானால் அது எனக்கு எப்படியும் தெரியவரும்.

உன் அப்பா சாலைக் கடைத்தெரு தொடங்குகிற இடத்தில் டயர்க் கடை வைத்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. புது டயர் கண்ணில் படாது. தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் போட்டுக் கொடுத்தே கடை நின்றது. யுத்தம் முடிந்து புது டயர் வரத் தொடங்கியபோது அவர் காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கவில்லை. நீ அப்போது பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்த உன் பெரியப்பா, "பொம்பள இருந்து டயர் வித்தா எவன் வாங்குவான், கடைய வித்துட்டு ஊருக்கு வா" என்றார். நான் போகவில்லை. கடையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நாள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், பிறகு வாங்க வந்தார்கள். ரப்பரை முகர்ந்தே புதிதா பழசா என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அந்தக் கடையில் உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதினாய். உன்னோடு எப்போதும் கோபாலன் இருப்பான். கரமனையில் வீடு, அப்பா கேசவ பிள்ளை தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், தாய் இல்லாத பையன். நம் வீட்டில் தீயல் குழம்பு வைக்கிற நாளில் அவனுக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, தானாக வந்துவிடுவான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே பட்டறையில் வேலை கற்றீர்கள். பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சேர்ந்து வாங்கி, நம் கடையின் பின்முற்றத்தில் போட்டுக் கழற்றிப் பூட்டினீர்கள். வண்டியைப் பதியும்போது உன் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று நீ சொன்னாய். அவன் சரி என்றான். அன்றைக்கே நான் அதைக் கவனித்தேன். சின்னப் பிள்ளைகள் காரியம் என்று விட்டுவிட்டேன்.

வண்டி ஓடத் தொடங்கியதும் பட்டாள டயரைக் கழற்றிவிட்டு ஒரு ஜோடி புது டயர் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு டயரைப் பற்றித் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். டயரை வார்க்கிற அச்சில் ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழவழப்பாக ஒன்றைப் பூசுவார்கள். டயர் வெளியே வரும்போது அந்த வழவழப்பும் தோலோடு வரும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் ரோட்டைப் பிடிக்காது. ரோடுதான் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். முதலில் நேர் ரோட்டில் மெதுவாக ஓட்டி, நடுவில் நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, வளைவுகளில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, ஓரம் வரை அந்தப் பளபளப்பு மங்குகிற வரைக்கும் பொறுமை வேண்டும். புது டயர் விளிம்பில் சரியாக உட்காருகிற வரைக்கும் காற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் நூறு மைல். அதற்குமேல் நீ என்ன வித்தை வேண்டுமானாலும் காட்டலாம். இதை நான் உன்னிடம் பூட்டும்போதே சொன்னேன்.

"லே தாணு, இது புது டயராக்கும். நூறு மைல் ஓடுத வரைக்கும் தலையில பால்குடம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டு. சாய்ச்சுத் திருப்பாத. சட்டுனு பிரேக்கப் பிடிக்காத."

"எனக்கா சொல்லித் தாறே? டயருக்குள்ள கெடந்து வளந்தவன் நானு."

"வளந்தது சரி. ஓட்டுவியா?"

"ஓட்டுதேன், ஓட்டுதேன்."

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாய். இரண்டு சக்கரத்துக்கும் சந்தனம் வைத்தாய். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வழுதக்காட்டு வக்கீல் ஒருவரின் மகன் புது மோட்டார் சைக்கிளோடு உங்கள் பட்டறைக்கு வந்து, பட்டாளக் குப்பை எத்தனை தூரம் ஓடும் என்று கேட்டிருக்கிறான். அந்த ஒரு சொல்லுக்காக ஞாயிற்றுக்கிழமை கவடியார் ரோட்டில் பந்தயம் என்று கை கொடுத்துவிட்டு வந்தாய். நீ ஓட்டியிருந்தது இருபது மைல்கூட இருக்காது. கோபாலன், "அடுத்த ஆழ்ச்ச வச்சுக்கலாம்டா, டயர் பழகட்டும்" என்று ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னான். நீ அவனைப் பேடி என்றாய். இதை அவனாக என்னிடம் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து நான் குடைந்து குடைந்து கேட்டபிறகுதான் வாயைத் திறந்தான்.

நூறு மைலை ஒரு பகலில் முடிக்க நீ கண்டுபிடித்த வழி இதுதான். சனிக்கிழமை நான் பின்முற்றத்துக்கு வந்தபோது ஒரே பெட்ரோல் வாடை. பின் டயரைப் பெட்ரோல் துணியால் துடைத்து, செங்கல்லை வைத்துத் தேய்த்து, முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, வண்டியை முடுக்கிப் பின் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுற்றவிட்டிருக்கிறாய். தரையில் கறுப்பாக ஒரு தடம், முற்றமெல்லாம் புகை. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். செயின் இறுக்கிப் பார்த்தோம் என்றாய். கோபாலன் தலையைக் குனிந்துகொண்டு கையைக் கழுவிக்கொண்டிருந்தான். உனக்குப் பந்தயம் கிளம்புகிற நேரத்தில் பின் சக்கரம் வழுக்காமல் பிடித்தால் போதும். பின் டயரின் நடுப்பட்டை தேய்ந்தது, அது உனக்குக் கிடைத்தது. முன் டயரை நீ தொடவே இல்லை. நிற்பதற்கும் திரும்புவதற்கும் முன் டயர்தான் வேண்டும் என்பது டயருக்குள் கிடந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். நீ நிற்பதைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம். கவடியாரிலிருந்து வெள்ளயம்பலம் வரைக்கும் அந்த ரோடு எப்படி நூல் பிடித்ததுபோலக் கிடக்கும் என்று உனக்கே தெரியும். கோபாலன் வெள்ளயம்பலம் பக்கத்தில், கோட்டுக்குக் கொஞ்சம் அப்பால், ஓரத்தில் மதகுச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து, யார் முதலில் வருகிறார்கள் என்று காட்ட உயரப் பிடித்திருந்தான். நீதான் முதலில் வந்தாய். வக்கீல் மகனின் சக்கரம் கிளம்பும்போது வழுக்கியது, உன் சக்கரம் பிடித்தது, பாதி ரோட்டிலேயே நீ முந்திவிட்டாய். கோட்டைத் தாண்டினாய். கை இரண்டையும் தூக்கினாயாம். ரோடு திரும்புகிற முனை வந்ததும் அவசரமாக முன் பிரேக்கைப் பிடித்து இடப்பக்கம் சாய்ந்தாய். முன் சக்கரம் ரோட்டில் எண்ணெய் கொட்டினதுபோல வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நீ ஒரு பக்கம் விழுந்தாய். வண்டி படுத்தபடியே தீப்பொறி பறக்க இழுத்துக்கொண்டு போய் கோபாலனை மதகுச் சுவரோடு வைத்து அடித்தது. இடது கால், முட்டிக்குக் கீழே. உனக்கு முழங்கையில் சிராய்ப்பு.

அவனை வாரி எடுத்து, அந்த வழியாக வந்த காரை மறித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது வக்கீல் மகன். உன் வண்டியைக் குப்பை என்றவன். நீ எங்கே இருந்தாய் என்று அங்கே நின்றவர்களைக் கேட்டேன். வண்டியை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். கூட்டம் சேர்ந்ததும் முதலில் சொன்னது என்ன என்றும் கேட்டேன். "டயர் மோசம். கடையில பழைய சரக்கத் தந்துட்டாங்க" என்றாயாம். கடை யாருடைய கடை, தாணு? தந்தது யார்?

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். கேசவ பிள்ளை வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். கோபாலனுக்கு அரசு பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்து, அடுத்த வாரம் சேர வேண்டும். காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தது. அவர் என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. "நிங்ஙட கடை டயராம்மா? தாணு சொன்னான்" என்றார். அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் அதை ஒரு சந்தேகம்போல, தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் இறங்கி நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

வண்டி ஸ்டேஷன் முற்றத்தில் கிடந்தது. நான் குனிந்து முன் டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் அச்சிலிருந்து வந்த ரப்பர் இழைகள், குழந்தையின் கன்னத்து ரோமம் மாதிரி, அப்படியே நின்றன. கறுப்பு வண்டு முதுகுபோலப் பளபளப்பு. பின் டயரில் நடுவில் மட்டும் செங்கல் கீறல், இரண்டு ஓரமும் தொடாத புதுசு. ரப்பரில் வெடிப்பில்லை, நூல் பிரியவில்லை, காற்றுக்கூட அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். உன் வாக்குமூலத்தில் டயர் பழுது என்று எழுதியாகிவிட்டது. நான் அவரைக் கூப்பிட்டு, அவர் விரலைப் பிடிக்காத குறையாக அந்த டயரின் மேல் வைக்கச் சொல்லி, எது வழுவழுப்பு, எது தேய்ந்தது என்று காட்டினேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இது நிங்ஙட மகன்றெ கேஸாணு. ஆலோசிச்சுப் பறயணும்."

உங்கள் மகன் கேஸ், யோசித்துப் பேசுங்கள் என்கிறார். நான் யோசித்தேன். உன் முகத்தையும் யோசித்தேன், அந்த வராந்தாவையும் யோசித்தேன். "டயர்ல குத்தம் இல்ல. ஓட்டுனவன் மேலதான் குத்தம். எழுதிக்கிடுங்க" என்றேன். உனக்கு அபராதமும் லைசென்ஸ் ரத்தும் வந்தது. அதைவிடப் பெரிய தண்டனை வரும் என்றுதான் நான் பயந்துகொண்டே சொன்னேன். பயந்தேன், ஆனாலும் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து நீ பேசினதை அந்தப் பெண்ணும் தெரிந்துகொள்ளட்டும்.

"பெத்த பிள்ளைய போலீஸ்ல பிடிச்சுக்குடுத்த தாய எங்கயாம் கேட்டிருக்கியா?"

"கால் போனவனுக்குத் தாய் இல்ல. அவனுக்காக யாரு பேசுவா?"

"உனக்கு உன் கடைப்பேருதான் பெருசு. அதுக்காக என்னைய வித்துட்டே."

"லே, நீ அவனப் போய் ஒரு மட்டம் பாத்தியா?"

நீ பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாய். ரயிலடிக்குப் போகிற வழியில்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவேண்டும். ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டுப் போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை இப்படி எழுதியிருக்க மாட்டேன். கடைப்பேருக்காகச் சொன்னேன் என்று நீ இன்னமும் நினைக்கிறாய் என்றால் கேட்டுக்கொள்: கடைப்பேர் நாறிப்போய், கடையை இழுத்துச் சாத்தியிருந்தால்கூட எனக்குச் சோறு கிடைத்திருக்கும். கேசவ பிள்ளை தன் மகன் கால் போனதற்கு ஒரு ரப்பர்த் துண்டுதான் காரணம் என்று நம்பிக்கொண்டு சாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு மனிதனின் காலை முறித்துவிட்டு, அதற்குக் காரணத்தையும் திருடிக்கொண்டு போகக் கூடாது.

கோபாலன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் நான் கஞ்சி கொண்டுபோனேன். கதவு திறக்கிற போதெல்லாம் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பான். கொஞ்ச நாளில் பார்ப்பதை விட்டுவிட்டான். மரக்கால் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியபிறகு ஒருநாள் கடைக்கு வந்தான். வேலை கேட்டு வந்திருப்பான் என்று நினைத்தேன். "அம்மா, அந்த வண்டி இருக்கா? ஒரு தவண அதுல ஏறி இருக்கணும்" என்றான். போலீஸ் திருப்பித் தந்த வண்டி பின்முற்றத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது, உடைத்து விற்கச் சொல்லியிருந்தேன். அவன் சாக்கை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மறுநாள் கொல்லனைக் கூட்டிவந்து, இடது காலால் மிதிக்கிற பிரேக்கைக் கையால் பிடிக்கிற மாதிரி மாற்றச் சொன்னான். நான் கத்தினேன். "ஒரு கால் போதாதா, இன்னொண்ணும் போகணுமா" என்று கேட்டேன். அவன் சிரித்தான். விழுந்தான், எழுந்தான், ஓட்டினான்.

இப்போது ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் புது டயர் போட்டால் வண்டியைக் கோபாலனிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். நாகர்கோவில் போகிற சிமெண்ட் ரோட்டில் பாலராமபுரம் தாண்டி அவன் பொறுமையாக ஓட்டிக்கொண்டு போவான். நிறுத்துவான், இறங்கி டயரைத் தொட்டுச் சூடு பார்ப்பான், ஆறவிடுவான். விழிஞ்ஞம் பக்கம் வளைவுகளில் சாய்த்துப் பழக்கிக்கொண்டு வருவான். அவன் பழக்கிய டயர் என்றால் டாக்டர்மார்கூட மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். போன வருஷம் நான் கடையில் பாதியை அவன் பெயருக்கு எழுதினேன். உன் பெரியப்பா வந்து குதித்தார். "சொந்த ரெத்தம் மதராஸ்ல கெடக்கு, மலையாளத்தானுக்குக் கடையா" என்றார். நாகர்கோவில் மதராஸோடு சேரப்போகிறது, நாமெல்லாம் அந்தப் பக்கம் போய்விடலாம் என்றும் சொன்னார். போகிறவர்கள் போகட்டும், நான் எங்கும் வரவில்லை என்றேன். பாதிக் கடை போனதை இந்தக் கடிதத்தில்தான் நீ முதலில் கேட்கிறாய். உனக்குக் கோபம் வரட்டும். வந்தால் நல்லது, என்னுடையது எப்படி இருக்கும் என்று கொஞ்சமாவது தெரியும்.

உன் கடிதம் வந்த அன்று கோபாலன் கடையில்தான் இருந்தான். உன் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டான். அவனுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. "தாணு எழுதியிருக்கானா? வாசிங்கம்மா" என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நான் வாசித்தேன். கல்யாணம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. டயர் வந்தது, பந்தயம் வந்தது, அளவு வந்தது. அவன் காத்துக்கொண்டே இருந்தான். கடைசி வரி வரை வந்துவிட்டேன். அந்த இடத்தில் நானே ஒரு வரி சேர்த்து வாசித்துவிடலாமா என்று நினைத்தேன். "கோபாலன் எப்படி இருக்கான்" என்று மூன்று சொல். என் வாயில் வந்துவிட்டது. ஆனால் உனக்காக நான் ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கு ஸ்டேஷன் முற்றத்தில் முடிவு பண்ணினவள். தாளை மடித்தேன்.

"அவ்வளவுதானா அம்மா?"

"அவ்வளவுதான்."

அவன் எழுந்துபோய் அடுக்கிலிருந்து நீ கேட்ட அளவில் இரண்டு டயர் எடுத்து வைத்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒனக்கு ரோசம் உண்டா இல்லியாடே? ஒன் பேரக்கூட எழுதாதவனுக்கு டயரா?"

"ரோசம் உண்டம்மா. பக்ஷே அவன் நம்ம தந்தாலும் தராட்டாலும் ஓடுவான். வேற எங்கயாவது புதுசா வாங்கிப் பூட்டிட்டு ஓடுவான். அங்கயும் ஒருத்தன் துவர்த்தப் பிடிச்சுட்டு நிப்பான் இல்லியா?"

அப்படிச் சொல்லிவிட்டு அவன் அந்த இரண்டு டயரையும் பழைய வண்டியில் பூட்டி, நீ ஒருநாளும் ஓட்டாத அந்த நூறு மைலையும் உனக்காக ஓட்டினான். நாலைந்து நாள் மழை, நின்று நின்று ஓட்டினான். சாயங்காலம் மரக்கால் பட்ட இடம் புண்ணாகி வந்து உட்காருவான், நான் எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பேன், உன்னைத் திட்டுவேன், "திட்டண்டா அம்மா" என்று தடுப்பான். அவனுக்குக் கோபம் வராதது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் பங்கையும் சேர்த்து நான்தான் கோபப்படவேண்டியிருக்கிறது. இந்த வயதில் அது உடம்புக்கு ஆகவில்லை.

டயர் இரண்டும் ஓரம் வரை பழகிவிட்டன. அவற்றின் மேல் பெட்ரோலோ செங்கல்லோ பட்டதாகக் கேள்விப்பட்டால் உன்னை மகன் என்று சொல்வதை விட்டுவிடுவேன். பூட்டியதும் காற்றுப் பார். ஓடுவதற்கு முன்பு நிறுத்திப் பார், எத்தனை தூரத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு முடுக்கு. கோட்டுக்கு அப்பால் எந்த மனிதனையும் நிற்க விடாதே. நீ கல்யாணம் பண்ணுகிறவன், இனிமேல் நீ விழுந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்காருவது இந்தப் பெண். அதை அவளிடம் சொல்லிவிட்டுப் பந்தயத்துக்குப் போ. அவள் வேண்டாம் என்றால் போகாதே. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். என் பேச்சைக் கேட்காத குறை அதிலாவது தீரட்டும்.

பார்சல் வராது. டயர்களைக் கோபாலனே கொண்டுவருகிறான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், திருவனந்தபுரம் எக்ஸ்பிரஸில் எழும்பூரில் வந்து இறங்குவான். பட்டறைப் பையன்களை அனுப்பாதே. நீ வா. வரும்போது அந்தப் பெண்ணின் அப்பாவிடம் யாரைக் கூப்பிடப் போகிறாய் என்று வாய்திறந்து சொல்லிவிட்டு வா. வண்டி நின்றதும் கூட்டம் முழுக்க இறங்கிப் போனபிறகுதான் அவன் வாசலுக்கு வருவான். படியில் இறங்க அவனுக்கு நேரமாகும். கையைப் பிடித்து இறக்காதே, அது அவனுக்குப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யாதே. அவன் இறங்குவதை முழுக்கப் பார். பிறகு நீ சொல்லவேண்டியது என்னவென்று நான் எழுதித் தரமாட்டேன். எழுதித் தந்ததைச் சொல்கிற வயது உனக்குத் தாண்டிவிட்டது.

நான் கல்யாணத்துக்கு வருவேனா என்று நீ கேட்கவில்லை. வருவேன் என்று நினைத்திருப்பாய், இல்லை வராவிட்டாலும் சரி என்று நினைத்திருப்பாய். இரண்டும் உன் கையில் இல்லை. எழும்பூரில் இறங்கிய அன்றே எனக்கு ஒரு தந்தி அடிக்கும்படி கோபாலனிடம் சொல்லியிருக்கிறேன். வா என்று அவன் அடித்தால் அடுத்த வண்டியில் ஏறுவேன். அவன் அடிக்காவிட்டால் நான் வரமாட்டேன், நீயும் அதற்கப்புறம் எனக்கு எழுத வேண்டாம். மருமகளுக்கென்று வைத்திருந்த பட்டுப்புடவையைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டேன். கோபாலன் நல்லவன், நீ ஒன்றும் செய்யாவிட்டாலும் உனக்காகப் பொய்த் தந்தி அடித்துவிடுவான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவனை அப்படி ஒரு பொய் சொல்ல வைத்துவிடாதே.

அம்மா